தக்ளியோடு சேவாகிராமுக்கு

முதல் நாள்: ரயிலில்

மாலையில் சென்னையில் ஏறியாயிற்று. நாளை மதியம் சேவாகிராம் ஸ்டேஷன். கூட வருவது அண்ணன் மகள். கல்லூரியில் உளவியல் படிக்கிறாள், இப்போது லீவு. "அத்தை, நானும் வரேன்" என்று பையைத் தூக்கிவிட்டாள்.

வார்தாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியர்கள் பதினான்கு பேருக்கு நான்கு நாள் முகாம். தக்ளியில் நூல் நூற்கச் சொல்லித்தர வேண்டும். என்னைக் கூப்பிட ஒரே காரணம், நாற்பது வருடத்துக்கு மேல் நூற்கிறேன் என்பது. சொல்லிக்கொடுத்துப் பழக்கம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்வானேன்?

தக்ளியைப் பார்த்திராதவர்களுக்காக: ஒரு சாண் கம்பி, அதன் அடிப்பக்கம் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை வட்டு, மேல் நுனியில் நூல் மாட்ட ஒரு கொக்கி. அவ்வளவுதான் கருவி. கம்பியை விரலால் சுண்டிவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றும். மறு கையில் பஞ்சுத் திரி. அதைப் பூனி என்போம். கம்பி சுற்றச் சுற்ற முறுக்கேறி, பூனியிலிருந்து பஞ்சு நூலாக வெளியே வரும். அந்தக் காலத்தில் நம்மூர்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்குக் கைத்தொழில் பீரியட் என்றால் இதுதான் ஞாபகம் வரும். எனக்குப் பள்ளியில் அது வாய்க்கவில்லை. ஒன்பது வயதில் தாத்தா சொல்லிக்கொடுத்தார்.

இப்போது கை தன் பாட்டுக்குச் செய்கிறது. சீரியல் பார்த்துக்கொண்டே நூற்பேன், போனில் சண்டை போட்டுக்கொண்டே நூற்பேன். கரண்ட் போய் வீடே இருட்டானாலும் நூல் அறுவதில்லை.

ரயிலிலும் எடுத்து வைத்துக்கொண்டேன். எதிர் சீட்டுப் பெரியவர் கூடூர் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது எப்படிம்மா நூலா மாறுது?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். வலது கை சுத்தும், இடது கை இழுக்கும்."

அவர் வாங்கிச் சுற்றினார், இழுத்தார், அறுந்தது. நான்கு முறை அறுந்தது. நான் மறுபடி அதையே, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். ஐந்தாவது முறை அறுந்ததும் தக்ளியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் பழக்கம்மா" என்று மேல் பெர்த்துக்கு ஏறிப் படுத்துவிட்டார். அவருக்குச் சிரமம் இல்லை, தூக்கம் வந்துவிட்டது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. 'எல்லாம் பழக்கம்' என்று பதினான்கு பேரிடம் சொல்லிவிட்டு வருவதற்கா டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்?

இரண்டாம் நாள்: சேவாகிராம்

விடிந்தும் விடியாத நேரத்தில் கோதாவரி. பாலத்தில் ரயில் போகிற சத்தத்தில் எழுந்து பார்த்தேன், தண்ணீர் ஈயம் மாதிரி கிடந்தது. பல்லார்ஷா வந்தபோது நல்ல வெயில், ஆனாலும் ஜனவரிக் குளிர் விடவில்லை. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் கரிசல். பருத்திக் காடு. பெரும்பாலும் பறித்து முடித்துவிட்டார்கள். காய்ந்த செடிகளில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளை மட்டும்தான் மிச்சம்.

சேவாகிராம் ஸ்டேஷனுக்கு முன்பு வார்தா கிழக்கு என்று பெயர். இறங்கி ஆட்டோவில் போகிறபோது சாலையோர முள்செடிகளில் எல்லாம் பஞ்சு தொங்கியது. பருத்தி ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து பறந்து மாட்டிக்கொண்டது. நான் ஒரு கை பறித்துக்கொண்டேன். "அத்தை, குப்பையைப் பொறுக்காதீங்க" என்றாள். ஆட்டோ போய்ச் சேர்வதற்குள் அதை விதை நீக்கி, விரலாலேயே திரித்து ஒரு முழம் நூலாக்கிக் கையில் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் ஆசிரமம் போனோம். 1936-ல் காந்தி இங்கே வந்தபோது ஊர்ப் பெயர் சேகாவ். முதலில் கட்டியது ஆதி நிவாஸ் என்ற ஒரே குடிசை. பிறகு சிஷ்யை மீராபென்னுக்காகக் கட்டியதில் காந்தி குடியேற, அது பாபு குடி ஆயிற்று. மண்சுவர், மூங்கில், ஓடு. வைஸ்ராய் பேசுவதற்காகப் போட்டுக் கொடுத்த டெலிபோன் கூண்டு ஒரு பக்கம், பாம்பைப் பிடித்து அடிக்காமல் கொண்டுபோய் விடுவதற்கான பெட்டி இன்னொரு பக்கம். இரண்டையும் பார்த்தால் அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போனார்கள் என்று தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. இந்தியாவின் வறுமைக்கு மருந்து கைராட்டை என்று காந்தி 1909-லேயே எழுதிவிட்டார். ஆனால் எழுதியபோது அவர் ராட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. 1915-ல் ஊர் திரும்பியபோதும் பார்த்திருக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கங்காபென் என்ற அம்மையார் குஜராத் முழுக்க அலைந்து, பரோடா சமஸ்தானத்தில் விஜாப்பூர் என்ற ஊரில் கண்டுபிடித்தார். ராட்டைகள் பரணில் கிடந்தன. நூற்கத் தெரிந்த பெண்கள், பூனி கொடுத்தால் நூற்கிறோம் என்றார்களாம். பல வருடம் சும்மா இருந்த கைகள். உட்கார்ந்ததும் நூல் வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி வருகிறது என்று அவர்களிடம் கேட்டிருந்தால்? வலது கை சுற்றும், இடது கை இழுக்கும் என்றிருப்பார்கள்.

பக்கத்தில் ஆனந்த நிகேதன் பள்ளி. கைத்தொழிலை நடுவில் வைத்துப் படிப்பைச் சுற்றிலும் கட்ட வேண்டும் என்ற நயி தாலீம், 1937-ல் வார்தாவில் நடந்த மாநாட்டில் உருவானது. அதை இங்கே நடத்திக் காட்டிய ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்பது நம் ஆட்களுக்கே அதிகம் தெரியாது. மனைவி ஆஷாதேவி வங்காளி. இரண்டு பேரும் எந்த மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். ஏனென்றால் நாளைக்கு எனக்கு அதுதான் பிரச்சினை. என்னிடம் இருப்பது இந்தி பிரசார சபாவில் மத்யமா வரை எழுதிய இந்தி. வருகிறவர்கள் மராத்திக்காரர்கள்.

மூன்றாம் நாள்: முகாம், முதல் வகுப்பு

தோல்வி. வேறு வார்த்தை இல்லை.

பதினான்கு பேர், பத்துப் பெண்கள், நான்கு ஆண்கள். எல்லாரும் என்னைத் 'தாயி' என்கிறார்கள். மராத்தியில் அக்கா. மதுரைப் பக்கத்து ஆளுக்கு அது அம்மாவாகக் கேட்கிறது, ரொம்பப் பிரியமாகவும் இருக்கிறது. அந்தப் பிரியத்தோடு எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து முதலில் நூற்றுக் காட்டினேன். ஆ என்று பார்த்தார்கள். கைதட்டல் வேறு. அங்கேயே தப்பு ஆரம்பித்துவிட்டது. கோயில் திருவிழாவில் கம்பி மேல் நடக்கிறவனை ஊரே வேடிக்கை பார்க்கும். அதைப் பார்த்து யாரும் கம்பி மேல் நடக்கக் கற்றுக்கொண்டதில்லை.

அப்புறம் தக்ளியைக் கையில் கொடுத்தோம். ஐந்து நிமிடத்தில் அறை முழுக்க அறுந்த நூல். சிலருக்கு அறுந்தது, சிலருக்குப் பூனி கயிறாக முறுக்கிக்கொண்டு கல் மாதிரி ஆகிவிட்டது. சிலர் பூனியை இரண்டு கையாலும் கிட்டக் கிட்டப் பிடித்துக்கொண்டு பலம் கொண்ட மட்டும் இழுத்தார்கள். ஒன்றும் வரவில்லை. பருத்தி இழையின் நீளம் ஓர் அங்குலம் சொச்சம்தான். இரண்டு பிடிக்கும் நடுவே அதைவிடக் குறைவாக இடம் விட்டால், ஒரே இழையின் இரண்டு முனையையும் நாமே பிடித்துக்கொண்டிருப்போம், எங்கிருந்து வரும்? இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அப்போது நாக்கில் வரவில்லை. என் கை ஒருபோதும் அப்படிப் பிடிக்காது. அதனால் அப்படியும் பிடிக்கலாம் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"பூவைப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள்" என்றேன், இந்தியில். தாத்தா சொன்ன உவமை. ஆளுக்கொரு பூ வைத்திருந்தார்கள். ஒருவர் ரோஜாக் காம்பைப் பிடிப்பது போல நகம் பதியப் பிடித்தார். இன்னொருவர் உள்ளங்கையில் அர்ச்சனைப் பூ ஏந்துவது போல விரித்தே வைத்துக்கொண்டார். பூனி கீழே விழுந்தது.

முகாமுக்கு வந்து சேர்ந்த பூனிகளும் சரியில்லை. எங்கோ ஈரத்தில் கிடந்து நசுங்கிப் போனவை. அனுப்பியவர்கள் திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். என் கை அதையும் சமாளித்துவிட்டது, அதனால் பதினொரு மணிவரை நான் கவனிக்கவே இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் பஞ்சைக் குறை சொல்ல மாட்டார்கள். தங்கள் கையைத்தான் திட்டிக்கொள்வார்கள். மதியம் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பூனிகளைப் பிரித்து உதறித் தளர்த்தினோம். நாளின் உருப்படியான வேலை அதுதான்.

இன்னொரு புதிர். ஒரு ஆசிரியை, இடதுகைக்காரர், அமைதியானவர். தக்ளியில் ஒரு முழம் தொடக்க நூல் கட்டிக் கொடுத்திருந்தேன், அதன் நுனியில் பஞ்சைச் சேர்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். அவருக்குப் பஞ்சு சேர்வதற்கு முன்னாலேயே நான் கட்டிய தொடக்க நூல் பிரிந்து விழுந்தது. புதிது கட்டினேன், அதுவும் விழுந்தது. மூன்றாவதும். அவர் முகம் சிறுத்துப் போயிற்று. நான் கட்டிய நூல், அதுவும் நன்றாக முறுக்கிய நூல், எப்படி விழுகிறது? தெரியவில்லை.

இரவு அண்ணனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "எனக்கெல்லாம் தாத்தா ஒரே நாள்ல சொல்லிக்கொடுத்துட்டாரு. இவங்களுக்கு ஏன் வரமாட்டேங்குது?"

"ஒரே நாளா? ரெண்டு மாசம் அழுதியே நீ! தக்ளியத் தூக்கிக் கெணத்துல போட்டியே, ஞாபகம் இல்லயா?"

இல்லை. சத்தியமாக இல்லை. கிணறு ஞாபகம் இருக்கிறது, தாத்தா ஞாபகம் இருக்கிறார், அழுதது மட்டும் துடைத்த மாதிரி போய்விட்டது.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மருமகள் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னாள். அவர்கள் பாடத்தில் வருகிற உண்மைக் கதை. வலிப்பு நோய்க்காக 1953-ல் மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் அமெரிக்கர். அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்குள் பென்சிலை ஓட்ட வேண்டும். சாதாரண ஆளுக்கே கை எதிர்ப்பக்கம் போகும். அவர் மூன்று நாளில் தேறிவிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும், இதை நான் செய்ததே இல்லையே என்பாராம்.

"கை கத்துக்குது, ஆளுக்குத் தெரியல. நீங்க அவருக்குத் தங்கச்சி, அத்தை."

நான்காம் நாள்: இரண்டாம் வகுப்பு

காலையில் அவளே ஒரு யோசனை சொன்னாள். நான் நூற்பதைப் போனில் மெதுவாக ஓடும் வீடியோவாக எடுக்கிறேன் என்றாள். எடுத்தாள். வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தோம்.

அது என் கை இல்லை என்று சொல்லியிருப்பேன், வளையல் மட்டும் இல்லாவிட்டால்.

வலது கை சுற்றுகிறது, அது உண்மை. இடது கை இழுக்கிறது என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அது பொய். இடது கை பெரும்பாலும் பின்னால் நகர்ந்துகொடுக்கிறது, அவ்வளவுதான். நடக்கிற வேலையெல்லாம் கட்டைவிரலில். ஒரு முழம் நூல் வருவதற்குள் கட்டைவிரல் ஏழெட்டு முறை லேசாகத் தூக்கி, உடனே அமர்கிறது. தூக்கும்போது முறுக்கு சின்ன அளவு பஞ்சுக்குள் ஏறுகிறது, அமரும்போது நின்றுவிடுகிறது. அணையில் மதகைத் திறந்து மூடுவது மாதிரி. திறந்தே இருந்தால் முறுக்கு மொத்தமும் பூனிக்குள் பாய்ந்து கயிறாக்கிவிடும். மூடியே இருந்தால் முறுக்கே ஏறாமல் பஞ்சு பிரிந்து அறுந்துவிடும். நேற்று அறையில் நடந்த இரண்டு விபத்துக்கும் காரணம் இந்தக் கட்டைவிரல்தான். அது எனக்கே தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. தடித்த இடம் ஒன்று வந்தால் நான் நிறுத்துவதில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறேன். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்குத்தான் முதலில் ஓடும். மெலிந்த இடம் இறுகித் தாங்கிக்கொள்ளும், தடித்த இடம் முறுக்கில்லாமல் தளர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் மெல்லப் பின்னால் போனால் தடித்தது மட்டும் நீண்டு மெலியும். நூல் தன்னைத் தானே சமப்படுத்திக்கொள்கிறது. இவர்கள் தடித்த இடத்தைப் பார்த்ததும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தியதும் முறுக்கு அங்கேயும் ஏறி இறுகிவிடுகிறது.

"அத்தை, நீங்க சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு" என்றாள். வீட்டில் பல பேர் வேறு விஷயங்களுக்காகச் சொன்னதுதான்.

வகுப்பை மாற்றினேன். காலை முழுக்கப் பஞ்சே கிடையாது. நான் நூற்ற நல்ல நூலைக் கட்டிக் கொடுத்து, சுண்டிவிடுவதை மட்டும் பழகச் சொன்னேன். சுற்று நின்று எதிர்ப்பக்கம் திரும்புவதற்குள் மறுபடி சுண்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு. அது வந்த பிறகு தக்ளியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் கவ்விக்கொண்டு சுற்றாமல் நிறுத்தச் சொன்னேன். ஏற்கனவே ஏறின முறுக்கை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், கட்டைவிரலைத் திற, பின்னால் போ, மூடு. சுற்றுவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன், நேற்று.

பூ உவமையையும் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் ஒவ்வொருவர் முன்னாலும் போய் உட்கார்ந்து, அவர் கையிலிருக்கும் பூனியின் வாலைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. வராவிட்டால் பிடி இறுக்கம். மொழியே தேவைப்படவில்லை. மத்யமா இந்திக்கு நல்ல ஓய்வு. சாயங்காலம் அவர்களே ஒருவர் பூனியை ஒருவர் இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதில் பாதி விளையாட்டு.

எட்டுப் பேருக்கு நூல் வந்தது. நூல் என்றால் கோணி தைக்கிற சணல் மாதிரி. பரவாயில்லை.

இடதுகைக்காரருக்கு மட்டும் இன்றைக்கும் தொடக்க நூல் பிரிந்து விழுந்தது.

இரவு தூக்கம் வராமல் ஒரு காரியம் செய்தேன். தக்ளியை இடது கைக்கு மாற்றினேன். 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில், காந்தி வலது கை ஓய்ந்தபோது இடது கையால் நாற்பது பக்கம் எழுதினார் என்பது இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நாற்பது அங்குலம்கூட வரவில்லை. தக்ளி சாய்ந்தது, பஞ்சு பிய்ந்தது, தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று பார்த்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வயதுக்காரியின் அழுகை தொண்டைவரை வந்துவிட்டது. கிணறு இல்லை, அதனால் தக்ளி பிழைத்தது.

அப்போதுதான் தொடக்க நூல் பிரிந்து விழுந்தது. என் நூல், என் கையில்.

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வலது கையால் சுண்டினால் தக்ளி, மேலிருந்து பார்க்கும்போது, கடிகாரம் சுற்றுகிற பக்கம் சுற்றும். இடது கையால் அதே மாதிரி சுண்டினால் எதிர்ப்பக்கம். வலது கை நூற்ற நூலை இடது கைத் தக்ளியில் கட்டினால் ஒவ்வொரு சுண்டும் ஒரு முறுக்கை அவிழ்க்கும். அவர் இரண்டு நாளாகத் தப்பே செய்யவில்லை. நான் கட்டிக் கொடுத்ததை ஒழுங்காக, பொறுமையாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரவே இடது கையால் ஒரு முழம் நூற்றேன். என் வாழ்நாளில் நூற்ற மகா மட்டமான ஒரு முழம் அது. முடிக்க ஒன்றரை மணி நேரம்.

ஐந்தாம் நாள்: மூன்றாம் வகுப்பு, ஒரு பாக்ரி

காலையில் அந்த ஒரு முழத்தைக் கொண்டுபோய் அவர் தக்ளியில் கட்டினேன். சுண்டினார். பிரியவில்லை. பஞ்சைச் சேர்த்தார், பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாகக் கூடவே அவிழ்க்கும் வேலையில் சுண்டுவது நன்றாகப் பழகிவிட்டிருந்தது போல. மதியத்துக்குள் அந்த அறையிலேயே மெல்லிய நூல் அவருடையதுதான். ஒன்றும் பேசவில்லை, என் கையில் இருந்த இடதுகை நூல் மிச்சத்தைக் காட்டி 'இது யார்?' என்று சைகையில் கேட்டார். நான் என்னைக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மதியச் சாப்பாடு ஜ்வாரி பாக்ரி, பிட்லா. பாக்ரி என்றால் சோள ரொட்டி, பிட்லா என்றால் கடலைமாவுக் கூட்டு. சமையல் அம்மா தட்டுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் மாவு உருண்டையை வைத்து விரல் நுனியால் தட்டத் தட்ட அது தானே சுற்றிக்கொண்டே பெரிதாகிறது. ஓரம் வெடிக்கவில்லை. கோதுமை மாவு மாதிரி சோள மாவு இழுபடாது, அதனால் சப்பாத்திக் கட்டைக்கு அங்கே வேலை இல்லை. நானும் உட்கார்ந்தேன். மூன்றாவது தட்டில் உருண்டை மூன்று துண்டாயிற்று.

எப்படி என்று கேட்டேன். "அஸ, அஸ" என்றார், அதாவது இப்படி, இப்படி. மின்னல் மாதிரி ஒரு பாக்ரி தட்டிக் கல்லில் போட்டு மேலே தண்ணீர் தடவினார். மெதுவாகச் செய்யுங்கள் என்றேன். மெதுவாகச் செய்தார், அவருக்கே வெடித்துவிட்டது. என்னை முறைத்தார்.

எனக்கு அந்த முறைப்பு நன்றாகப் புரிந்தது. வீடியோ பார்த்த பிறகு நேற்று வகுப்பில் எனக்கும் இரண்டு முறை நூல் அறுந்தது. நாற்பது வருடத்தில் கட்டைவிரலைக் கவனித்தது அதுதான் முதல் தடவை, அதற்குப் பிடிக்கவில்லை. ஆகவே பாக்ரி விஷயத்தில் அந்த அம்மாவை மேற்கொண்டு தொந்தரவு செய்யவில்லை. அவர் கையைப் பார்க்காத மாதிரி ஓரக்கண்ணால் பார்த்தேன். மாவு உருண்டைக்குக் கீழே உலர்ந்த மாவு போடுகிறார், அதில்தான் சுற்றுகிறது. அதை அவர் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றியிருக்காது.

ஆறாம் நாள்: கடைசி வகுப்பும் மகன் சங்கிரகாலயமும்

பன்னிரண்டு பேருக்கு நூல் வருகிறது. ஒருவருக்குக் கயிறு வருகிறது, அவர் அதில் திருப்தியாக இருக்கிறார். ஒருவர் நேற்றே ஊருக்குப் போய்விட்டார், வீட்டில் விசேஷம்.

வகுப்பு சீக்கிரம் முடிந்ததால் வார்தா போனோம். 1938-ல் காந்தி திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகம். நம்மூர்க் காதில் விழும் 'மகன்' இல்லை, ராட்டையைத் திருத்தி அமைப்பதில் முன்னால் நின்ற மகன்லால் காந்தியின் பெயர். அது இருக்கிற மகன்வாடி வளாகத்தில்தான் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கிராமத் தொழில்களுக்காக வருடக்கணக்கில் உழைத்தார். உள்ளே விதவிதமான ராட்டைகள். 1929-ல் நல்ல ராட்டை ஒன்று செய்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்று அகில பாரத சர்க்கா சங்கம் அறிவித்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம். யாருக்கும் கிடைக்கவில்லை. பின்னால் அம்பர் சர்க்காவைச் செய்தவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர், அவர் பெயரிலிருந்துதான் அந்த 'அம்பர்'. அதில் பஞ்சை நீட்டுகிற வேலையை உருளைகள் பார்த்துக்கொள்ளும். அதாவது என் கட்டைவிரல் செய்வதை ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து இரும்பில் செய்திருக்கிறார். எனக்கு ஒரு வீடியோ பார்க்கவே நாற்பது வருடமாயிற்று.

மருமகள் அந்த உருளைகளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்ததும், "அத்தை, எனக்கும் ஒரு தக்ளி குடுங்க" என்றாள். ஒரு வாரமாகப் பக்கத்திலேயே இருக்கிறாள், இப்போதுதான் கேட்கிறாள்.

ஏழாம் நாள்: திரும்பும் ரயிலில்

காலை ரயில். ஜன்னலோரம் எனக்கு, எதிரில் அவள். தக்ளியை முழங்காலுக்கு நடுவில் கவ்விக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, திற, போ, மூடு என்று முணுமுணுத்துக்கொண்டே பழகுகிறாள். ரயில் குலுங்குகிற குலுக்கலில் அரை மணிக்கு ஒரு சாண் வருகிறது. தடித்தும் மெலிந்தும், புடலங்காய் விழுங்கின பாம்பு மாதிரி. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் வந்தபோதெல்லாம் தண்ணீர் குடித்தேன்.

என்னுடையதுதான் சரியாக இல்லை. கண் கட்டைவிரல் மேலேயே போகிறது. பார்த்ததும் அது தயங்குகிறது, தயங்கியதும் அறுகிறது. பல்லார்ஷாவுக்குள் ஆறு முறை ஒட்டுப் போட்டாயிற்று. எதிரே யாரோ பார்த்துக்கொண்டிருந்தார், நல்லவேளை, அவர் எதுவும் கேட்கவில்லை.

"வெளிய பாருங்க அத்தை" என்றாள் அவள், தன் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பார்த்தேன். மஞ்சேரியல் தாண்டிக் கோதாவரி வந்தது. வரும்போது ஈயமாகக் கிடந்த தண்ணீர் இப்போது வெயிலில் கண்ணைக் கூசியது. மணல் திட்டில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள், சிவப்பும் மஞ்சளுமாக நீளச் சேலைகள். ஒரு பையன் எருமைகளை ஓட்டிக்கொண்டு இறங்கினான், கடைசி எருமை வர மாட்டேன் என்று நின்றது. அது இறங்கியதா இல்லையா என்று தெரிவதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

வாரங்கல் வருவதற்குள் பூனி தீர்ந்துபோயிற்று.